பெட்டியில்லாத டிஸ்க்கு

அந்த டிஸ்க்கைப் பத்தி என்கிட்ட யாரும் பேசாதீங்க. பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஒரு சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். கையில எடுத்தா வெயிட்டே தெரியாது. உள்ள ஒன்னும் சுத்தாதாம், சத்தம் போடாதாம், பேரு எஸ்.எஸ்.டி.யாம். எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ, அவன் நல்லா இருக்கட்டும். எங்க குடும்பத்தைப் பிடிச்ச சனியன் அது.

நான் ராக்கப்பன். ஷார்ஜா தொழில்பேட்டையில ஒரு டைல்ஸ் குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். மணிகண்டன் அதே குடோன்ல ஸ்டோர் கிளார்க்கு. கம்பெனி குடுத்த ரூம்ல அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என் சித்தப்பா மக விஜியை அவனுக்குக் கட்டி வெச்சதே நான்தான். பரமக்குடியில சித்தப்பா வீட்டுல உக்காந்து, "பையன் தண்ணி அடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், டூட்டி விட்டா ரூம், ரூம் விட்டா டூட்டி"ன்னு இந்த வாயாலதான் சொன்னேன். பொய் சொல்லல. தண்ணி கிடையாது, சீட்டு கிடையாது. கம்ப்யூட்டர் கேம் மட்டும் உண்டு. அதை எவன் கெட்ட பழக்கத்துல சேத்தான்?

கல்யாணம் முடிஞ்சு, தாலிக்கயித்து மஞ்சள் மங்கறதுக்குள்ள லீவு முடிஞ்சு கிளம்பி வந்துட்டான். வர்றதுக்கு முன்னாடி விஜிக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலயே பூட்டிக் குடுத்து, அவன் ஆடற விளையாட்டையும் சொல்லிக் குடுத்துட்டு வந்தான். காடு, மலை, குதிரை, கத்தின்னு ஒரு விளையாட்டு. எந்த ஊருல இருக்கறவனும் உள்ள வந்து திரியலாம், ஒருத்தருக்கொருத்தர் டைப் அடிச்சுப் பேசிக்கலாம். இங்க கவர்மெண்டுக்காரன் இன்டர்நெட்டுல போன் பேசறதை அடைச்சு வெச்சிருக்கான். போன் கார்டு போட்டா, "சாப்பிட்டியா, காய்ச்சல் எப்படி இருக்கு"ன்னு கேக்கறதுக்குள்ள தீந்து போயிரும். அதனால இவங்க ரெண்டு பேரும் அந்த விளையாட்டுக்குள்ளதான் குடித்தனம் நடத்தினாங்க. டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சிட்டு உக்காந்தான்னா ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் அடுத்த ஷிஃப்ட் ஆளுக தூங்கணும், லைட்டை அணைக்கணும். அந்த ஒரு மணி நேரந்தான் அவன் பொண்டாட்டியோட இருக்கற நேரம்.

விளையாட்டுக்குள்ள ஆத்தங்கரையில ஒரு வீடு வேற வாங்கி வெச்சிருந்தாங்க. வாசல்ல பூச்செடி, பின்னாடி குதிரை. ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினான். "நல்லாருக்குடா மாப்ள"ன்னேன். நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப எனக்குக் கோவம் வரல.

அப்புறம் அந்த விளையாட்டுக்காரன் என்னத்தையோ புதுசு புதுசா ஏத்தினான். விஜியோட கம்ப்யூட்டர் திணற ஆரம்பிச்சிருச்சு. இவன் உள்ள போயி ஆத்தங்கரையில நிப்பான், அவளுக்கு அங்க திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அவ ஒரு வழியா வந்து சேர்றதுக்குள்ள பாதி நேரம் ஓடிரும். "வந்துட்டேன்"னு அவ அடிப்பா, இங்க எவனாவது "பாய், லைட் பந்த் கரோ"ன்னு கத்துவான். இவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு சாப்பிட உக்காருவான். எனக்கே பாவமா இருக்கும்.

அந்த நேரத்துலதான் எவனோ இந்த எஸ்.எஸ்.டி.யைப் பத்தி இவன் காதுல ஓதிட்டான். ரெண்டாயிரத்து ஒம்பது அது. துபாய்ல காசு முடங்கி, பாதிக் கட்டடம் கம்பி நீட்டிக்கிட்டு நின்ன வருசம். எங்க குடோன்ல டைல்ஸ் எடுக்க ஆள் இல்ல. எல்லாரும் எப்ப வீட்டுக்கு அனுப்புவானோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா, இவன் மட்டும் டிஸ்க்கு டிஸ்க்குன்னு திரிஞ்சான்.

வெள்ளிக்கிழமை ஆனா பஸ் ஏறி பர்துபாய் கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போயிருவான். தனியாப் போனா பரவால்ல, என்னையும் இழுத்துக்கிட்டுப் போவான். அங்க கௌஸ் முகைதீன் பாய் கடை. கீழக்கரைக்காரரு, நம்ம பக்கத்துப் பேச்சு, அதனால அவரு கடைதான்.

"தம்பி, எடுத்த உடனே டிஸ்க்கைக் கேக்காதீங்க," பாய் சொன்னாரு. "மாட்டப் போற கம்ப்யூட்டர்ல என்ன போர்டு? டிஸ்க்குக்குப் போறது பழைய பட்டை வயரா, புது ஒல்லி வயரா? பட்டை வயர்னா இது பொருந்தாது. ஒல்லி வயர்னா பொருந்தும். கரண்டு குடுக்கற வயரு முனை எப்படி இருக்கு? அதையும் பாக்கணும்."

இவன் பூட்டின கம்ப்யூட்டர்தான். இவனுக்கே மறந்து போச்சு. கடை வாசல்லயே போன் கார்டைச் சுரண்டி விஜிக்குப் போட்டான். "கேபினட்டைத் திற. பக்கவாட்டுல ஸ்க்ரூ இருக்கும். கழட்டு. உள்ள என்ன வயர் இருக்குன்னு பாத்துச் சொல்லு." அவ சமையக்கட்டுல இருந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து வந்து கழட்டியிருக்கா. தகரத்து விளிம்பு விரலைக் கிழிச்சிருச்சு. போன்லயே "ஸ்ஸ்"ங்கறா. இவன், "ரத்தம் கெடக்கட்டும், வயரு என்ன கலரு"ங்கறான். பக்கத்துல நிக்கற எனக்கு சுருக்குன்னு ஏறிச்சு.

"பட்டையா ஒன்னு இருக்குங்க. ஒல்லியா செவப்பா ஒன்னும் இருக்கு."

"செவப்பு எங்க போகுது? டிஸ்க்குக்கா, சிடி போடற பெட்டிக்கா?"

"டிஸ்க்குக்குத்தான். மேல நீங்க மார்க்கர்ல என் பேரு எழுதியிருக்கீங்களே, அதுக்கு."

இவன் அங்கயே குதிச்சான். பொருந்தும்! பாய் அதுக்கப்புறமும் ஒரு வார்த்தை சொன்னாரு. அதை நான் மறக்கமாட்டேன். "பொருந்தும் தம்பி, ஆனா அந்த போர்டு பழசு, இதோட முழு வேகம் அங்க வராது. சின்ன மெமரி குச்சி ஒன்னு வாங்கிப் போடுங்க, பாதிக் குறை தீந்துரும். வெலையும் கம்மி." கேட்டானா? கேக்கலையே! விலை கம்மியா இருந்த இன்னொரு எஸ்.எஸ்.டி.யையும் காட்டினாரு, "இது எழுதும்போது திக்கித் திக்கி நிக்கும்"னும் அவரே சொன்னாரு. "திக்கறது வேணாம் பாய், இருக்கறதுலயே நல்லதைக் குடுங்க, பணம் அடுத்த வாரம் கொண்டாறேன்"னான். எங்கிருந்துடா பணம்னு நான் கேட்டேன். ஓவர்டைம்னான். ஆள் இல்லாம ஈ ஓட்டற குடோன்ல என்ன ஓவர்டைம்? அப்பவே நான் யோசிச்சிருக்கணும். எனக்கு ஊருக்குப் போற அவசரம்.

ஆமா, எனக்கு லீவு வந்திருந்துச்சு. அவனுக்கும் வரணும். ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு, கம்பெனி டிக்கெட் குடுத்தாகணும். ஆனா விஜிகிட்ட, "நெலம சரியில்ல, எனக்கு லீவு தரமாட்டேங்கறாங்க"ன்னு சொல்லிட்டான். என்கிட்டயும் அதையேதான் சொன்னான். அவ அழுது, அப்புறம் தேறி, "சரி, வேலை இருந்தாப் போதும்"னு சொன்னாளாம். நானும் கம்பெனியைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அடுத்த வாரம் டிஸ்க்கு வந்துச்சு. "மச்சான், நீங்கதான் கொண்டு போய்க் குடுக்கணும்"னு பெட்டியோட என் கட்டில்ல வெச்சான். எங்க ரூம்ல யாரு ஊருக்குப் போனாலும் பார்சல் கட்டறது நான்தான். ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரன் புதுப் பெட்டியைப் பாத்தா விடமாட்டான், வரி கட்டும்பான். அதனால எதுவா இருந்தாலும் பெட்டியைப் பிரிச்சு, ஸ்டிக்கரை உரிச்சு, அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, சாமானை மட்டும் சட்டைத்துணியில சுத்தி நடுவுல வெச்சிருவேன். பாத்தா பழசு மாதிரி இருக்கணும். அன்னைக்கும் அதையேதான் செஞ்சேன். பெட்டியோட சீல் ஸ்டிக்கரை நகத்தால கீறி, கேரண்டி அட்டையிலேர்ந்து பிளாஸ்டிக் உறை வரைக்கும் எல்லாத்தையும் சுக்கல் சுக்கலாக் கிழிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டேன். மணி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. என் டிக்கெட்டை வாங்க ஆபீஸுக்குப் போனேன். சீதாராமன் சார்தான் லீவு, விசா எல்லாம் பாக்கறவரு. டிக்கெட்டைக் குடுத்துட்டு, "உங்க மாப்பிள்ளையும் உங்ககூட வருவார்னு நெனச்சேன்"னாரு.

"நீங்கதான் சார் லீவு தரமாட்டேன்னுட்டீங்க."

அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. "யாரு சொன்னா? லீவு வேண்டாம்னா டிக்கெட் காசைக் கையில வாங்கிக்கலாம்னு கம்பெனி சொல்லுச்சு. அவர்தான் முதல் ஆளா வந்து வாங்கிட்டுப் போனாரு. எனக்கே ஆச்சரியம், புதுசாக் கல்யாணம் ஆனவராச்சேன்னு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. டிக்கெட் காசு! பொண்டாட்டியைப் பாக்கப் போற டிக்கெட்டை வித்து, பொண்டாட்டிக்கு டிஸ்க்கு வாங்கியிருக்கான். இப்படி ஒரு காரியத்தை எவனாவது செய்வானா? இருந்தாலும் நான் அடக்கிக்கிட்டுக் கேட்டேன், "சார், காசைத் திருப்பிக் கட்டினா டிக்கெட் கிடைக்குமா?" சனிக்கிழமை காலைலதான் லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போகும், அதுக்குள்ள கட்டினா பேரைச் சேத்துக்கறேன்னாரு. நல்ல மனுசன்.

ரூமுக்கு வந்தேன். மணி ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பிடுங்கிக் கட்டில்ல எறிஞ்சேன்.

"உனக்கு லீவு தரலையா? கம்பெனி தரலையா? சொல்லுடா!"

ஹெட்போனை எடுத்துச் சுருட்டி வெச்சான். அப்புறம் சொன்னான், "மச்சான், போனா ஒரு மாசந்தான். மறுபடி ரெண்டு வருசம் இங்கதான். இந்த டிஸ்க்கு இருந்தா தினமும் முழுசா ஒரு மணி நேரம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, எது அதிகம்?"

கணக்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கயே அறைஞ்சிருப்பேன். அவன் முகத்துல கள்ளத்தனம் இருந்தா அறைஞ்சிருப்பேன். நெசமாவே தான் செஞ்சது சரின்னு நம்பிக்கிட்டு நிக்கறான் பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. "சட்டையை மாட்டுடா. யல்லா, கிளம்பு. இதைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு டிக்கெட் எடுக்கறோம்."

டாக்ஸியிலயே போனோம். கௌஸ் முகைதீன் பாய் டிஸ்க்கைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"பெட்டி எங்கே?"

நான் முந்திக்கிட்டேன். "பாய், ஊருக்குக் கொண்டு போறதுக்காகப் பிரிச்சு..."

"அல்லாவே, சீலு?"

"கிழிச்சுட்டேன் பாய்."

"நம்ம ஊருப்பயலுவ எல்லாருக்கும் இதே வேலை!" பாய்க்கும் கோவம் வந்துருச்சு. "பெட்டி இல்லாம, சீல் இல்லாம, கேரண்டி அட்டை இல்லாம நான் யாருக்குத் திருப்பிக் குடுக்கறது? மொத்தக் கடைக்காரன் என்னைச் சும்மா விடுவானா? பெட்டியாவது கொண்டு வாங்க, பேசிப் பாக்கறேன்."

மறுபடி ஷார்ஜா. டாக்ஸியை நிறுத்தச் சொல்லிட்டு, எங்க ரூம் இருக்கற கேம்ப் பின்னாடி இருக்கற பெரிய குப்பைத் தொட்டிக்கு ஓடினேன். காலியாக் கெடந்துச்சு. பலதியா லாரி, அதான் முனிசிபாலிட்டி குப்பை லாரி, மத்தியானமே வந்து அள்ளிட்டுப் போயிருக்கு. தொட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன், கால் விரல்தான் வீங்கிச்சு. கிழிக்கும்போது இவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊமையா நின்னு பாத்தானே!

திரும்பி வந்தோம். பாய் என் மூஞ்சியைப் பாத்து இறங்கி வந்தாரு. "சரி, பிரிச்ச சாமானா நான் எடுத்துக்கறேன். பாதி விலைதான் தர முடியும். என்னால அவ்வளவுதான் முடியும்." பாதி போதும். மீதிக்கு என் மோதிரம் இருக்கு, ரூம்ல கேட்டா ஆளுக்குக் கொஞ்சம் தருவானுக. சனிக்கிழமை காலையில சீதாராமன் சார் மேசையில காசு இருக்கும். எனக்கு மூச்சு வந்துச்சு. "குடுங்க பாய்"னு கை நீட்டினேன்.

மணி டிஸ்க்கை எடுத்துத் தன் சட்டைப்பையில போட்டுக்கிட்டான்.

"பாதி விலைக்கா? வேணாம் மச்சான். இவ்வளவு நாள் தேடி, அவ போர்டுக்குப் பொருந்துதான்னு பாத்துப் பாத்து வாங்கினது. இதைப் போயி பாதிக்கு விக்கறதா?"

கடைக்குள்ளயே அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். "பொருந்துதான்னு பாத்தியா? நீ எதைடா பாத்த? வயரைப் பாத்த. ரெண்டு வருசமா ஒரு பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளே, அதைப் பாத்தியா? விரல் கிழிஞ்சு ரத்தம் வந்தப்போ வயரு கலரு கேட்டவன்தானடா நீ!" பாய் நடுவுல வந்து விலக்கி விட்டாரு. கடையில நின்ன ரெண்டு அரபிப் பிள்ளைக வேடிக்கை பாத்தானுக. எனக்கு வெக்கமா இல்ல.

வெளிய வந்து போன் கார்டைப் போட்டு விஜியைப் பிடிச்சேன். "இந்தா, உன் வாயாலயே சொல்லு"ன்னு அவன் கையில திணிச்சேன். பக்கத்துலயே நின்னேன். ஒளிக்காம சொன்னான், அது வரைக்கும் சரி. டிக்கெட் காசை வாங்கிட்டேன், டிஸ்க்கு வாங்கிட்டேன், எல்லாம் நமக்காகத்தான்னான்.

"லீவு தரலன்னீங்களே," விஜி சொன்னது எனக்கும் கேட்டுச்சு.

"அது... நீ சீக்கிரமா உள்ள வரணும்னுதான் விஜி. இதைப் போட்டா நீ உடனே உள்ள வந்துரலாம்."

"நான் எங்க உள்ள வரணும்?"

அதோட கார்டு தீந்து போச்சு.

அன்னைக்கு அவ விளையாட்டுக்குள்ள வரல. அடுத்த நாளும் வரல. என் பெட்டியைக் கட்டும்போது மணி டிஸ்க்கைக் கொண்டு வந்தான். நான் தொடமாட்டேன்னுட்டேன். விஜியும் அதைக் கொண்டு வரக் கூடாதுன்னு சித்தப்பா மூலமாச் சொல்லி அனுப்பிட்டா. கடைசியில இவன் அதைத் தன்னோட கம்ப்யூட்டர்லயே மாட்டிக்கிட்டான். நான் கிளம்பற அன்னைக்குப் பாத்தேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள விளையாட்டு திறந்துக்கிச்சு. ஆத்தங்கரை, வீடு, பூச்செடி எல்லாம் உடனே வந்து நின்னுச்சு. இவன் ஒருத்தன் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான்.

பரமக்குடியில நான் விஜியைப் பாக்கப் போனேன். எப்படி முகத்துல முழிக்கறதுன்னு பயந்துக்கிட்டேதான் போனேன். அவ அழல, ஏசல. எலை போட்டுச் சோறு வெச்சா, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்கண்ணே"ன்னா. அவனைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. பக்கத்துல ஒரு மருந்துக்கடையில கணக்கு எழுத வேலைக்குப் போறதாச் சொன்னா. மூலையில அந்தக் கம்ப்யூட்டர் இருந்துச்சு. பக்கத்து மூடி கழண்டு சுவத்துல சாஞ்சிருந்துச்சு, மேல மடிச்ச துணி. நான் பெருசா எடுத்துக்கல.

திரும்பி வர்ற அன்னைக்கு எல்லாரும் பார்சல் கொண்டாந்தாங்க. ஊறுகாய், பருப்புப் பொடி, எவனோ ஒருத்தனுக்கு வேட்டி. விஜியும் வந்து துண்டுல சுத்தின ஒன்னைக் குடுத்தா. கனமா இருந்துச்சு. "இதை அவருகிட்ட குடுத்துருங்கண்ணே. இதுக்குப் பெட்டி கிடையாது, நீங்க கிழிக்க வேண்டிய வேலை இல்ல." சொல்லிட்டு இன்னும் ஒன்னும் சொன்னா. அதை நான் மனசுல வெச்சுக்கிட்டு வந்து சேந்தேன்.

ரூமுக்குள்ள நுழையறேன், மணி ஓடி வந்து பெட்டியை வாங்கினான். ஒடம்பு இளைச்சுப் போயிருந்தான். கம்ப்யூட்டர் திறந்து கெடந்துச்சு, ஆத்தங்கரையில அவனோட ஆள் நின்னுக்கிட்டு இருந்தான். "விஜி குடுத்தது"ன்னு துண்டை நீட்டினேன். அவசரமாப் பிரிச்சான்.

பழைய டிஸ்க்கு. அவளோட கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டினது. மேல மார்க்கர்ல அவன் கையெழுத்துலயே 'விஜி'ன்னு இருந்துச்சு.

எனக்கு அவன் மேல இருந்த கோவம் கொறையல. கொறையும்னு நெனச்சுத்தான் வந்தேன், கொறையல.

"மச்சான், அவ எதுவும் சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"'இது அவரு கம்ப்யூட்டருக்குப் பொருந்துமான்னு கடையில நல்லாக் கேட்டு மாட்டிக்கச் சொல்லுங்கண்ணே, இனி அவருக்குன்னு என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்'னா."